சூலியா தெருவும் பழைய மஸ்கெலியா பசாரும்

மலாய் மொழியில் கடைக்குப் பெயர் 'கெடாய்'. சிங்களத்தில் 'கடே'. வியாபாரத்தில் போடும் முதலை மலாய்க்காரர் 'மொடால்' என்கின்றனர். நம் பக்கத்தில் கடை வைத்திருப்பவர் எந்த இனத்தவராக இருந்தாலும் சிங்களவர் வாயில் அவர் 'முதலாளி'தான். கப்பல் அங்கே 'கபால்', பெட்டி 'பெத்தி'. இராஜேந்திர சோழன் 1025 இல் கடாரத்தின் மீது படையெடுத்ததை நாங்கள் வகுப்பில் பெருமையோடு சொல்லிக் கொடுக்கிறோம். அந்தப் படை வென்றது, திரும்பிப் போனது. மேற்சொன்ன சொற்களை விட்டுச் சென்றவர்கள் வாளேந்தியவர்கள் அல்லர் என்பது என் எண்ணம். தராசு பிடித்தவர்களும் மூட்டை சுமந்தவர்களும் தங்கி வாழ்ந்த இடங்களில்தான் இப்படிப்பட்ட சொற்கள் ஒட்டிக்கொள்ளும்.

காயல்பட்டினம், கீழக்கரை, தொண்டி, அதிராம்பட்டினம், நாகப்பட்டினம், நாகூர், காரைக்கால் என்று தமிழகக் கரையோரம் நெடுகிலும் உள்ள ஊர்களிலிருந்து முஸ்லிம் வியாபாரிகள் இரு திசைகளில் போனார்கள். கிழக்கே வங்கக் கடலைக் கடந்து கெடா, பினாங்கு, மலாக்கா. தெற்கே ஒரு சிறு கடலைக் கடந்து இலங்கை. கிழக்கே போனவர்களை ஆங்கிலேயர் 'சூலியா' என்று எழுதினர். இங்கே வந்தவர்களுக்கு 'இந்தியச் சோனகர்', 'கரையோரச் சோனகர்' என்று அரச ஏடுகளில் ஒரு பெயரும், மக்கள் வாயில் 'சம்மாங்காரர்' என்று இன்னொரு பெயரும். சம்மான் என்ற படகில் வந்தவர்கள் ஆதலால் அப்பெயர் என்பர். கொழும்புப் புறக்கோட்டையில் 1908, 1909 ஆம் ஆண்டுகளில் எழுந்த சிவப்பு வெள்ளைக் கட்டடம் இன்றும் நமக்குச் சம்மாங்கோட்டுப் பள்ளிவாசல்தானே. பினாங்கு முஸ்லிம்களின் வரலாறு என்றும் மலையகக் கடைவீதிகளின் வரலாறு என்றும் இவற்றைத் தனித்தனியே படித்துப் பழகிவிட்டோம். ஒரே கரையின் இரண்டு கிளைகளாக வைத்துப் பார்த்தால் வேறு சில விடயங்கள் புலப்படுகின்றன.

பினாங்குத் தீவில் பிரான்சிஸ் லைட் 1786 ஓகஸ்டில் ஆங்கிலக் கொடியை ஏற்றினார். ஊர் உருவாகி எட்டு ஆண்டுகளுக்குள், 1794 இல், அவர் அனுப்பிய அறிக்கையில் சூலியாக்களைப் பற்றி விவரமாகவே குறிப்பிடுகிறார். ஏறத்தாழ ஆயிரம் பேர் குடியிருந்தனர் என்றும், அவர்கள் கடைக்காரரும் கூலிகளுமே என்றும், கரையோரக் கப்பல்கள் ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேர் வரை கொண்டு வந்து இறக்கின என்றும், வந்தவர்கள் சில டொலர்களைச் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்ப, அவர்கள் இடத்துக்கு வேறு ஆட்கள் வந்தனர் என்றும் அதில் இருக்கிறது. இவர்களில் பெரும்பாலோர் முன்பே கெடாவில் நெடுநாள் வாழ்ந்தவர்கள், அங்கேயே பிறந்தவர்களும் உண்டு என்பது அவர் தரும் இன்னொரு தகவல். ஆகவே ஆங்கிலேயர் அழைத்து வந்த கூட்டம் என்று இவர்களைச் சொல்லிவிட முடியாது. ஆங்கிலேயர் கடை திறப்பதற்கு முன்பே இவர்கள் அக்கரையில் கடை திறந்திருந்தார்கள்.

இன்று சூலியா தெரு எனப்படுவது தொடக்ககால வரைபடங்களில் மலபார் தெரு. தமிழரை மலபாரிகள் என்று எழுதும் வழக்கம் அன்றைய ஆங்கிலேயருக்கு அங்கும் இருந்தது, இங்கும் இருந்தது. 1801 இல் காதர் மொஹிதீன் என்ற மரைக்காயர் அந்தத் தெருவுக்கு அருகே பள்ளிவாசல் கட்டக் கும்பெனியிடம் நிலம் பெற்றார். அதுவே கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். சூலியா தெருவும் கிங் தெருவும் சந்திக்கும் மூலையில் 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாகூர் தர்கா ஒன்று எழுந்தது. சிங்கப்பூரின் தெலுக் ஆயர் தெருவிலும் 1830 அளவில் ஒன்று எழுந்தது. நம் கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியின் கொடியேற்றத்தை அறிந்தவர்களுக்கு, நாகூர் ஆண்டகையின் பெயர் கடல்வழியே எங்கெல்லாம் போயிருக்கிறது என்பது வியப்பாக இராது. கண்டியில் சித்திலெப்பை 1882 இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். அதே எண்பதுகளில் நாகூர் குலாம் காதிர் நாவலர் 'வித்தியா விசாரிணி'யைப் பினாங்கிலிருந்து நடத்தினார். துணியும் மிளகாயும் போன தடத்திலேதான் அச்செழுத்தும் போயிற்று.

2019 டிசம்பர் விடுமுறையில் அந்தத் தெருவைக் கண்ணால் காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. பட்டர்வொர்த்தில் படகேறி இறங்கினால் சிறிது நடையிலேயே பழைய நகரம். இருபுறமும் இரண்டு மாடிக் கடைவீடுகள். கீழே வியாபாரம், மேலே குடியிருப்பு. கடைக்கு முன்னால் மாடியின் நிழலில் ஒரு நடைபாதை ஓடுகிறது. ஐந்தடி அகலம் வைத்துக் கட்ட வேண்டும் என்று அக்காலத்தில் போட்ட விதியால் அதற்கு ஐந்தடி என்றே பெயர் வந்துவிட்டது. அங்குள்ள தமிழர் வாயில் 'அஞ்சடி'. மழை பெய்தாலும் வெயில் எரித்தாலும் அஞ்சடியில் வியாபாரம் நிற்பதில்லை. பூக்கட்டுகிறவர், கைபேசி உறை விற்பவர், வடை பொரிப்பவர், கட்டுக்கட்டாய்ப் பல நாட்டுக் காசை மேசையில் வைத்திருக்கும் நாணயமாற்றுக்காரர் என்று எல்லோரும் அந்த ஐந்தடிக்குள் அடங்கிவிடுகின்றனர். மார்க்கெட் தெருப் பக்கம் போனால் மல்லி, சீரகம், வெந்தய மணம். சாக்கு வாயை மடித்துவிட்டு உள்ளே தகரச் சுண்டு ஒன்றைச் செருகி வைத்திருக்கும் விதம் நம்மூர்ப் பலசரக்குக் கடையேதான்.

ஊரெங்கும் 'நாசி கண்டார்' என்ற பலகை தொங்குகிறது. நாசி என்றால் சோறு, கண்டார் என்றால் காவடித் தண்டு. முற்காலத்தில் தமிழ் முஸ்லிம்கள் தண்டின் ஒரு முனையில் சோறும் மறு முனையில் கறியுமாகத் தோளில் தூக்கிப் போய்த் துறைமுகத் தொழிலாளருக்கு விற்றார்கள். தோளிலிருந்து இறங்கித் தெருவோரத்துக்கு வந்து, தெருவோரத்திலிருந்து கூரைக்குள் போன வியாபாரம் இது. கேம்பல் தெருவில் 1907 இல் தொடங்கிய ஹமீதியா உணவகம் இன்னும் நடக்கிறது. விலையும் நம் பைக்குக் கட்டுப்படுகிறது என்பதை ஆசிரியத் தொழிலில் இருப்போருக்காகக் குறித்து வைக்கிறேன்.

பினாங்கு ரோட்டிலுள்ள சவுராஸ்தா சந்தையை நான் தேடிப் போனது அதன் பழைய புத்தகக் கடைகளுக்காக. 1890 இல் தோன்றிய சந்தை அது. சவுராஸ்தா என்பது நாற்சந்தி என்று பொருள்படும் உருதுச் சொல். கீழே மீனும் காய்கறியும் ஊறுகாயும். ஜாதிக்காயின் சதையைச் சீனியில் ஊறப்போட்டு விற்கிறார்கள். பினாங்கின் மலைச் சரிவுகளெல்லாம் ஒரு காலத்தில் ஜாதிக்காய்த் தோட்டங்கள், 1860 களில் நோய் விழுந்து அவை அழிந்தன என்று அறிந்தபோது, 1869 இல் நம் கோப்பிச் செடியில் விழுந்த இலைநோய் நினைவுக்கு வந்தது. நம்மிடம் அதன் பின் தேயிலை வந்தது. பினாங்குக்குத் துறைமுகம் இருந்தது, ஆதலால் கடைவீதி பிழைத்தது.

சூலியா தெரு நாணயமாற்றுக் கடையில் ஒரு முதியவர் "தம்பிக்கு எந்த ஊரு?" என்று கேட்டார். இலங்கை என்றேன். "கொழும்பா?" என்றார். "இல்லை பாய், மலைநாடு. ஹட்டன் பக்கம்" என்றதும் அவர் கணக்கை நிறுத்திவிட்டார். "எங்க பெரியத்தா அட்டன்லதான் புடவைக்கடை வச்சிருந்தாங்க. எங்க அத்தா இங்கிட்டு வந்துட்டாங்க. பெரியத்தாவுக்கு விசாவை நீட்டிக் குடுக்கல. அறுபத்தி நாலுக்கப்புறம் இருக்கிறதை வித்துப்புட்டு ஊருக்கே போயிட்டாங்க." இவ்வளவுதான் சொன்னார். அடுத்த ஆள் வந்துவிட்டார். ஒரு வீட்டின் இரண்டு சகோதரர், இரண்டு கடைவீதிகள். ஒருவருடைய மகன் இன்னும் அதே தெருவில் இருக்கிறார், மற்றவருடைய கடை எது என்று சொல்லக்கூட ஹட்டனில் ஆளில்லை. ஏன் இப்படி ஆயிற்று என்பதற்கான விடையைப் பினாங்கைவிட நம் மலையக வரலாற்றில்தான் தேட வேண்டியிருக்கிறது.

மஸ்கெலியாப் பகுதி 19 ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் காடு வெட்டித் திறக்கப்பட்டது. முதலில் கோப்பி, பின்னர் தேயிலை. புகையிரதம் 1884 இல் ஹட்டனை எட்டியது. அதற்கு மேல் வண்டிப் பாதை. தோட்டங்களுக்குள் கடை நடத்த எல்லோருக்கும் இடம் கிடைக்காது, துரையின் அனுமதி வேண்டும். அரிசியைத் தோட்டமே கொடுத்துச் சம்பளத்தில் கழித்துக்கொண்டது. மற்றவை யாவற்றுக்கும் தோட்டங்கள் சந்திக்கும் இடத்திலிருந்த பசாருக்குத்தான் இறங்கி வரவேண்டும். மாசி, நெத்தலிக் கருவாடு, செத்தல் மிளகாய், மல்லி, வெற்றிலை, புகையிலை, மண்ணெண்ணெய், மழைக்குக் கம்பளி, கொழுந்தெடுக்கும் பெண்கள் இடுப்பில் சுற்றும் படங்கு, பண்டிகைக்குச் சேலை. விற்றவர்களில் செட்டிமாரும் சிங்களவரும் வேறு தமிழரும் இருந்தனர். ஆனால் மலையகப் பட்டினங்கள் பலவற்றிலும் புடவைக் கடையென்றும் பலசரக்கென்றும் சாப்பாட்டுக் கடையென்றும் முன்வரிசையில் நின்றவர்கள் சம்மாங்காரரே.

சம்பளத்தை அடுத்த ஞாயிறு மலையகப் பட்டினத்தின் பெருநாள். அன்று கடைகளுக்கு வெளியே, வடிகானின் மேல் பலகை போட்டு, வளையல், ரிப்பன், அலுமினியச் சட்டி, மருந்தெண்ணெய் எல்லாம் பரவிவிடும். இன்றும் அப்படித்தான். டிசம்பர் முதல் வெசாக் வரை பாவா ஆதம் மலைக்கு, சிவனொளிபாதத்துக்கு, ஸ்ரீபாதத்துக்கு (மூன்று பெயரும் ஒரே மலைக்குத்தான்) நல்லதண்ணி வழியாகப் போகிற கூட்டம் மஸ்கெலியாவுக்கு இரண்டாவது வருமானம். 1344 இல் இபின் பதூதா புத்தளத்திலிருந்து புறப்பட்டு இம்மலை ஏறியதை இவ்விதழின் வாசகருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

பசாரின் அச்சாணி காசு அல்ல, கடன் கொப்பி. செக்ரோலில் பெயர் இருப்பவருக்குப் பற்று உண்டு. சம்பளத்தன்று கொஞ்சம் அடைபடும், மறுநாள் மீண்டும் ஏறும். கங்காணியின் துண்டு முறை 1921 இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்ட பின்னும் கடைக்கடன் ஒழியவில்லை. கடைக்காரரைத் தியாகியாக்கும் எழுத்துகள் சிலவற்றைப் படித்திருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. எழுத்தறியாத மக்களிடம் எழுதப்பட்ட கணக்கு ஒரு பக்கக் கணக்குத்தான். நிறை குறைந்தது, விலை கூடியது என்ற பேச்சும் பழையதே. ஆயினும் தோட்டத்துக்கு வெளியே அம்மக்களுக்கு அவர்கள் மொழியில் பேசிய இடம் பசார் ஒன்றே. ஊருக்குக் கடிதம் எழுதுவித்ததும், வந்த கடிதத்தை வாசிக்கக் கேட்டதும் கடை வாசலில்தான் என்று மூத்தவர்கள் சொல்வார்கள். துரையும் கணக்கப்பிள்ளையும் இல்லாத ஓரிடம் அது. கூலி என்ற பெயரோடு இறங்கி வந்தவர் அங்கே வாடிக்கையாளர் ஆனார். விலை பேசினார், வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போனார்.

முதல் அடி 1915 இல் விழுந்தது. கம்பளை அம்பகமுவ வீதியில் சம்மாங்காரரின் பள்ளிவாசலைக் கடந்து பெரஹரா இசையோடு செல்வது குறித்து எழுந்த வழக்கு நீதிமன்றம் வரை போய், அவ்வாண்டு மே மாத இறுதியில் கண்டியில் கலவரமாக வெடித்துப் பல மாகாணங்களுக்குப் பரவியது. காரணம் மதம் மட்டுமல்ல. உலகப் போர்க்கால விலையேற்றத்தில் மக்களின் கோபம் கடைக்காரர் மேல் திரும்பியிருந்தது. இலங்கைச் சோனகர், இந்தியச் சோனகர் என்ற வேறுபாட்டைக் கலவரக்காரர் பார்க்கவில்லை. ஆனால் ஏடுகளும் சட்டமும் அதைப் பின்னாளில் மிக நுணுக்கமாகப் பார்த்தன.

1948 இன் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கியதை நாம் நிறையவே எழுதியிருக்கிறோம். அதே ஆண்டின் குடிவரவுச் சட்டம் கடைக்காரரைத் தற்காலிக வதிவிட அனுமதிக்காரர் ஆக்கியதைக் குறைவாகவே எழுதியிருக்கிறோம். 1949 இன் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின் கீழ் குடியுரிமை கேட்கலாம்தான். ஆனால் திருமணமானவர் என்றால் அவரது மனைவி மக்களும் இலங்கையில் தொடர்ந்து வசித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. சம்மாங்காரரின் வழக்கம் இதற்கு நேர்மாறானது. மனைவியும் பிள்ளைகளும் கீழக்கரையிலோ காயலிலோ இருப்பார்கள். ஆண்கள் கடையின் பின்னறையில் படுத்து, ஓராண்டோ ஈராண்டோ கழித்து ஊர் போய் வருவார்கள். முப்பது ஆண்டுகள் கடை நடத்தியவரும் சட்டத்தின் கண்ணில் வந்துபோகிறவரே. பினாங்கில் நடந்தது வேறு. லைட்டின் காலத்தில் அங்கும் வந்துபோகிறவர்கள்தான் அதிகம். ஆனால் பலர் மலாய்ப் பெண்களை மணந்தனர். அவர்களின் பிள்ளைகள் ஜாவி பெரனாக்கான் என்று தனிச் சமூகமாகவே வளர்ந்தனர். 1957 இல் மலாயா சுதந்திரம் பெற்றபோது அங்கே பிறந்தவர்கள் குடிமக்களாகவே அதற்குள் நுழைந்தார்கள். இங்கும் இலங்கைச் சோனகர் குடும்பங்களில் மணம்முடித்துத் தங்கிவிட்டவர்கள் உண்டு. அவர்கள் பேரர்கள் இன்று நம் பட்டினங்களில் கடை நடத்துகின்றனர். தங்கியவர் யார், போனவர் யார் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்தது வியாபாரத் திறமை அல்ல, குடும்பம் எங்கே இருந்தது என்பதே.

1964 ஒக்டோபர் 30 இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பற்றிப் பிறகு பேசுவது என்று முடிவாயிற்று. இரண்டு மாதம் கழியவில்லை, டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. 1963 குடிசன மதிப்பில் இந்தியச் சோனகர் ஏறத்தாழ 55,000 பேர். 1971 இல் ஏறத்தாழ 27,000 பேர். எட்டு ஆண்டில் பாதி. பினாங்கு முதியவரின் பெரியத்தா இந்தக் கணக்கில் ஒரு தலை. கடைக்காரர் போன பின் வாடிக்கையாளரும் போகத் தொடங்கினர். 1984 இல் தலைமன்னார்க் கப்பல் நிற்கும்வரை, தகரப் பெட்டியும் கூடைச் சாமானுமாகக் குடும்பம் குடும்பமாக ஹட்டனில் ரயிலேறினார்கள். கடன் கொப்பியில் எத்தனை பக்கம் அடைபடாமல் மூடப்பட்டிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். பணத்தைவிட, அக்கொப்பிகளே நமக்கு இன்று பெரிய இழப்பு. தோட்ட மக்கள் என்ன உண்டார்கள், என்ன உடுத்தார்கள், எந்த மாதம் பட்டினி என்பதைத் துரைமாரின் அறிக்கைகளைவிட அவை துல்லியமாகச் சொல்லியிருக்கும்.

மஸ்கெலியாவுக்கு இதற்கு மேலும் ஒன்று நேர்ந்தது. 1965 இல் காசல்ரீ நீர்த்தேக்கம், 1969 இல் மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கம். லக்சபான மின்திட்டத்துக்காக ஆறு மறிக்கப்பட்டபோது பழைய மஸ்கெலியாப் பட்டினம் கடைவீதியோடு நீருக்குள் போயிற்று. மேட்டில் புதுப் பட்டினம் எழுந்தது. கடும் வறட்சியில் நீர் இறங்கும்போது பழைய கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் பாதையும் சேற்றோடு வெளிப்படும். நாற்புறமும் ஆட்கள் படமெடுக்க வருவார்கள். நாட்டுக்கு மின்சாரம் வேண்டியிருந்ததை நான் மறுக்கவில்லை. அந்த மின்சாரம் லயங்களுக்கு வந்து சேர எத்தனை ஆண்டுகள் பிடித்தன என்பதையும் மறக்கவில்லை.

இவ்வளவையும் சொன்னதால் பினாங்கைச் சொர்க்கம் என்று எண்ணிவிடக் கூடாது. மஸ்கெலியா மூழ்கிய அதே 1969 இல்தான் மலேசியாவில் குடியுரிமை அற்றோருக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமாயிற்று. பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர், பெரும்பாலும் தோட்டங்களில் இருந்தோர், 'ரஜூலா' கப்பலில் நாகப்பட்டினம் திரும்பினர். கடைவீதிக்குச் சோதனை பின்னால் வந்தது. 1948 க்கு முன் கட்டிய கட்டடங்களின் வாடகையைக் கட்டுப்படுத்தி வைத்திருந்த 1966 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பு 2000 ஆம் ஆண்டு பிறந்தபோது இல்லாமற் போயிற்று. வாடகை பன்மடங்கு ஏற, தலைமுறை தலைமுறையாய்க் கடைவீட்டின் மாடியில் குடியிருந்தவர்களும் சிறு கைத்தொழில் செய்தவர்களும் வெளியேறினர். 2008 ஜூலையில் யுனெஸ்கோ ஜோர்ஜ் டவுனை உலக மரபுரிமை நகராக்கியது. சுவர்களுக்கு வெள்ளையடித்தார்கள். சூலியா தெருவில் நான் கண்ட பல கதவுகளுக்குப் பின்னால் இன்று இருப்பது வெள்ளைக்காரப் பயணிகளுக்கான விடுதியும் கோப்பிக் கடையும். கட்டடத்துக்குக் கிடைத்த பாதுகாப்பு அதற்குள் இருந்தவருக்குக் கிடைக்கவில்லை. நம்மூரில் தண்ணீர் கட்டடத்தைக் கொண்டுபோயிற்று, அனுமதிச் சீட்டு ஆட்களைக் கொண்டுபோயிற்று. எங்கும் கேள்வி ஒன்றுதான். கடைக்குள் நிற்பவருக்கும் கடை வாசலில் நிற்பவருக்கும் அந்த மண்ணில் தங்கும் உரிமை எழுத்தில் இருக்கிறதா? 1988 இலும் 2003 இலும் வந்த சட்டங்களால் மலையக மக்களுக்குக் குடியுரிமை தீர்ந்தது. பசாருக்கு இறங்கி வரும் குடும்பங்களில் பெரும்பாலானோருக்குத் தாம் குடியிருக்கும் லயத்தடி நிலத்துக்கு இன்றும் உறுதி இல்லை.

பயணம் முடிந்து வந்த பின், மேல்வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு வேலை கொடுத்தேன். 1969 க்கு முன் பழைய பட்டினத்தில் நடந்து திரிந்த பாட்டி, தாத்தாமாரிடம் கேட்டு, நோர்வூட் பக்கமிருந்து நுழைந்தால் எந்தக் கடைக்குப் பின் எந்தக் கடை என்று எழுதிவர வேண்டும். கேட்பதற்கு ஆட்கள் குறைந்துகொண்டே வருகின்றனர். அன்று பத்து வயதுப் பிள்ளைகளாக இருந்தவர்களே இப்போது அறுபதைத் தாண்டிவிட்டனர். சில கடைகளுக்குப் பெயர் கிடைத்திருக்கிறது, பலவற்றுக்கு 'தொப்பிக்காரர் கடை', 'மாடிக்கடை' என்ற அளவில்தான். புடவைக் கடைகளின் வரிசையைப் பெண்கள் சொல்கிறார்கள், சாப்பாட்டுக் கடைகளின் வரிசையை ஆண்கள். பேக்கரி பள்ளிவாசல் பக்கத்தில் இருந்ததா, எதிர்ப்பக்கத்தில் இருந்ததா என்பதில் இரண்டு பெரியவர்கள் இன்னும் இணங்கவில்லை. அடுத்து நீர் இறங்கும்போது அத்திவாரத்தில் போறணைக் கல் எந்தப் பக்கம் தெரிகிறது என்று பார்த்துக்கொள்ளலாம் என்று வரைபடத்தில் அந்த இடத்தைப் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறோம்.